வேனில் பிரிட்ஜ் நின்றுபோனால் முதலில் எங்கே பார்ப்பது?

பாலோவிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் கடற்கரைக்கோ, யோங் பெங் வழியாக நெடுஞ்சாலை ஏறிப் பத்துமலைக்கோ குடும்பத்தோடு புறப்படும் வேன்களில் இப்போது ஒரு சிறிய பிரிட்ஜும் ஏறிக்கொள்கிறது. படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர்வேனை விடுமுறைக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரவுச் சந்தையில் வேனிலேயே கடை போடுபவர்கள் கோழி, மீன், தேங்காய்ப் பால், தயிர் எல்லாவற்றையும் அதில்தான் கொண்டு போகிறார்கள்.

இவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “வீட்டில் போட்டால் ஓடுகிறது, வேனில் ஏற்றினால் நின்றுவிடுகிறது.” உடனே பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். கடைக்காரர் சோதித்துப் பார்த்தால் அது நன்றாகவே ஓடுகிறது. வேனுக்குத் திரும்பினால் பழைய கதைதான்.

வீட்டில் ஓடி வேனில் நிற்கும் பெட்டியில் பழுது இருப்பது அரிது. பேட்டரியிலிருந்து பெட்டி வரை மின்சாரம் வரும் வழியில்தான் கோளாறு இருக்கும். அந்த வழியை வரிசையாகச் சோதிக்கத் தெரிந்தால் ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரை வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இது வெறும் குளிர்ந்த தண்ணீர் சமாச்சாரம் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இன்சுலின் போடும் ஒருவர் பயணத்தில் இருந்தால் அந்தச் சிறிய பெட்டியின் வேலை பெரியது. சந்தை வியாபாரிக்கோ, ஒரு நாள் முதலே அதற்குள் இருக்கிறது.

எந்த வகைப் பெட்டி?

சோதனைக்கு முன் பெட்டியின் வகை தெரிய வேண்டும். வேன்களில் நான்கு வகைகள் காணப்படுகின்றன.

முதலாவது, 12 வோல்ட்டில் நேராக ஓடும் கம்பிரசர் பிரிட்ஜ். 40, 50 லிட்டர் பெட்டி ஓடும்போது ஏறக்குறைய 45 முதல் 60 வாட் இழுக்கும். போதிய குளிர் வந்ததும் தானே நின்று, மீண்டும் தானே ஓடும். வேனுக்கு மிகவும் ஏற்றது இதுதான்.

இரண்டாவது, வீட்டு பிரிட்ஜை இன்வெர்ட்டர் மூலம் ஓட்டுவது. வாங்கும் விலை குறைவு. ஆனால் இன்வெர்ட்டரே ஒரு பங்கு மின்சாரத்தைத் தின்றுவிடும்.

மூன்றாவது, வாயுவிலும் ஓடக்கூடிய பெட்டி. 12 வோல்ட், வீட்டு மின்சாரம், சமையல் வாயு என மூன்றிலும் ஓடும். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கேரவன்களில் இதைக் காணலாம். இதற்குள் கம்பிரசர் கிடையாது. சூடுதான் குளிரை உண்டாக்குகிறது. 1922இல் சுவீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் உருவாக்கிய முறை இது. மின்சாரம் எட்டாத வெப்ப நாடுகளில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பிரிட்ஜ்களும் இதே முறையில் இயங்கியவைதான்.

நான்காவது, விலை மலிவான மின்விசிறிக் குளிர்பெட்டி. பார்க்க பிரிட்ஜ் மாதிரியே இருக்கும். ஆனால் வெளிச்சூட்டிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரிதான் குறைக்கும். வேனுக்குள் 35 டிகிரி என்றால் பெட்டிக்குள் 15 டிகிரிக்குக் கீழே போவதே கடினம். பானங்களுக்கு அது போதும். இறைச்சிக்கும் மீனுக்கும் போதாது. இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு வயரைச் சோதிப்பதில் பயன் இல்லை. பெட்டியின் சக்தியே அவ்வளவுதான்.

சோதிக்கும் வரிசை

கீழே உள்ளவை முதல் வகையான 12 வோல்ட் கம்பிரசர் பெட்டிக்கு உரியவை. எளியதில் தொடங்கிக் கடினமானதற்குப் போக வேண்டும்.

1. விளக்கு எரிகிறதா? பெட்டியின் விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம் சுத்தமாக வரவில்லை. சிகரெட் லைட்டர் பாயிண்டில் மாட்டும் பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றினால் பல பிளக்குகளில் உள்ளே ஒரு சிறிய கண்ணாடி பியூஸ் இருக்கும். அது போயிருக்கலாம். அடுத்து, வேனின் பியூஸ் பெட்டியில் அந்தப் பாயிண்டுக்குரிய பியூஸைப் பார்க்க வேண்டும். சில வாகனங்களில் சாவியை அணைத்ததும் அந்தப் பாயிண்டும் அணைந்துவிடும். இரவில் பெட்டி நின்றதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கக்கூடும்.

2. பிளக் சூடாக இருக்கிறதா? சிகரெட் லைட்டர் பாயிண்ட் பிரிட்ஜுக்காகச் செய்யப்பட்டதில்லை. தோட்டத்து மண்பாதையில் வேன் குலுங்கும்போது பிளக் மெல்ல நழுவும். பிடிமானம் தளர்ந்த இடத்தில் சூடு ஏறும். பிளாஸ்டிக் கறுக்கும், இளகும். தொட்டுப் பார்த்துச் சுட்டால் அந்தப் பிளக்கை விட்டுவிட்டு, பூட்டிக்கொள்ளும் வகைப் பிளக்கோடு பேட்டரியிலிருந்து தனி வயர் போடுவதே நல்லது.

3. பேட்டரியில் எத்தனை வோல்ட்? எஞ்சினை நிறுத்தி, பெட்டியையும் அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். சாதாரண ஈயப் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் முழுமை. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12.0 என்றால் கால் பங்கு. 11.8க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது தீரும் தறுவாய் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதனால் அதன் இருப்பை வோல்ட்டை வைத்து மதிப்பிட முடியாது.

4. பெட்டியின் வாயில் எத்தனை வோல்ட்? பெரும்பாலோர் செய்யாமல் விடும் சோதனை இதுதான். கம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையிலும் பெட்டிக்கு வயர் நுழையும் இடத்திலும் அளக்க வேண்டும். பெட்டி ஓடாதபோது அளந்தால் இரண்டும் ஒன்றாகவே காட்டி ஏமாற்றிவிடும். ஓடும்போது இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி வயர், பிளக், எர்த் இவற்றில் ஒன்று.

5. வயர் எவ்வளவு தடிமன்? பேட்டரி முன்னால், பெட்டி பின்னால், இடையே 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். போக வர 10 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 0.6 வோல்ட் தொலையும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான். பேட்டரியில் 12.0 இருக்கும்போது மெல்லிய வயரின் முனையில் பெட்டிக்குக் கிடைப்பது 11.4 வோல்ட். கம்பிரசர் கிளம்பும் நொடியில் அது இன்னும் கீழே இறங்கும்.

6. எர்த் துருப்பிடித்திருக்கிறதா? மைனஸ் வயரைப் பல பட்டறைகளில் வேனின் உடம்பிலேயே ஓர் ஆணியில் முறுக்கிவிடுகிறார்கள். ஜொகூர் ஈரத்தில் அந்த இடம் துருப்பிடிக்க அதிக காலம் ஆகாது. மைனஸ் வயரையும் அதே தடிமனில் பேட்டரி வரை கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லை.

ஓடி ஓடி நிற்கிறதா?

பெட்டி கிளம்புகிறது, சில நொடியில் நிற்கிறது, ஒரு நிமிடம் கழித்து மறுபடி கிளம்புகிறது. இது வோல்ட் போதவில்லை என்பதற்கான தெளிவான அடையாளம். பேட்டரி அடியோடு தீர்ந்துபோகாமல் காக்க இந்தப் பெட்டிகளில் ஒரு தற்காப்பு வைத்திருக்கிறார்கள். வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கம்பிரசர் தானாக நின்றுவிடும். பல பெட்டிகளில் உயர், நடு, தாழ் என்று மூன்று நிலைகள் உண்டு. உயர் நிலையில் பொதுவாக 11 வோல்ட்டை ஒட்டி நிற்கும். தாழ் நிலையில் 10 வோல்ட்டுக்கும் கீழே போக விடும்.

வேனைக் கிளப்பும் அதே பேட்டரியில் பெட்டி மாட்டியிருந்தால் எப்போதும் உயர் நிலையில் வைக்க வேண்டும். பெட்டி அடிக்கடி நிற்கிறதே என்று தாழ் நிலைக்கு மாற்றினால் அது விடிய விடிய ஓடும், காலையில் வேன் கிளம்பாது. முதலில் வயரைச் சரிசெய்ய வேண்டும், நிலையை மாற்றுவது பிறகுதான்.

டான்ஃபாஸ், இப்போது செகோப் என்ற பெயரில் வரும் கம்பிரசர்களில் பழுதைச் சொல்லும் ஒரு சிறு விளக்கு பொருத்தப்பட்டிருக்கலாம். அது ஒரு முறை மின்னி இடைவெளி விட்டு மீண்டும் ஒரு முறை மின்னினால் வோல்ட் குறைவு என்று பொருள். இரண்டு முறை என்றால் மின்விசிறி. மூன்று முறை என்றால் கம்பிரசர் கிளம்ப முடியவில்லை. ஐந்து முறை என்றால் கட்டுப்பாட்டுப் பலகை அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பட்டறைக்குப் போகும் முன் இந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஓர் இரவுக்கு எவ்வளவு வேண்டும்?

45 வாட் பெட்டி பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரவு 7 மணிக்கு எஞ்சினை நிறுத்தினால் காலை 7 மணி வரை 270 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட் பேட்டரியில் அது 22 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல். சிறிய வேன்களின் பேட்டரி 45 முதல் 60 ஆம்பியர்-மணி. ஒரே இரவில் பாதி போய்விடுகிறது. பேட்டரி பழையதாக இருந்தால் காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

எனவே பெட்டிக்குத் தனிப் பேட்டரி வைப்பதே முறை. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 50தான் கையில் இருப்பதாகக் கணக்கு. ஒரு முழு நாளுக்கு அந்தப் பெட்டி கேட்பது 45.

அந்தத் தனிப் பேட்டரிக்கு எஞ்சினிலிருந்து சார்ஜ் உண்மையிலேயே போகிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதில் 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் 12.4லேயே நின்றால் இணைப்பில் கோளாறு. பெட்டி இரண்டாவது நாளில் மட்டும் நிற்கிறது என்பவர்களுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கூரையில் 100 வாட் சோலார் பலகை இருந்தால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 25 ஆம்பியர்-மணி கிடைக்கும். அது தேவையில் பாதிதான். வடகிழக்குப் பருவமழை நாள்களில் அதுவும் இல்லை. நிழலில் நிறுத்தினால் பெட்டிக்கு நல்லது, பலகைக்குக் கெட்டது. இரண்டையும் எடைபோட வேண்டும்.

கையில் தூக்கிச் செல்லும் பவர் ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் எடுப்பது குறைந்தால் தானே அணைந்துவிடும் சிக்கன முறை அதில் இருக்கும். கம்பிரசர் ஓய்வெடுக்கும் நேரத்தில் பவர் ஸ்டேஷனும் தூங்கிவிடும், பிறகு விழிக்காது. அந்தச் சிக்கன முறையை அணைத்துவைக்க வேண்டும்.

இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டு பிரிட்ஜ்

100 வாட் பிரிட்ஜ்தானே, 300 வாட் இன்வெர்ட்டர் போதும் என்று வாங்கி ஏமாறுபவர்கள் பலர். கம்பிரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதைத் தாங்காமல் இன்வெர்ட்டர் கூவிவிட்டு அணைந்துவிடும். அலையைச் சீராகத் தராத மலிவான இன்வெர்ட்டரில் கம்பிரசர் இரைச்சலிடும், சூடாகும். சீரான அலை தரும் வகையே இதற்குச் சரி. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள வயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். 1000 வாட் எடுத்தால் அந்த வயரில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது.

வீட்டு பிரிட்ஜ் நின்றதும் உடனே மறுபடி போடக்கூடாது. ஐந்து நிமிடமாவது பொறுத்துப் போட்டால்தான் கம்பிரசர் சிரமமின்றிக் கிளம்பும்.

வெளி மின்சாரம், ஜெனரேட்டர், வாயு

முகாம் இடத்திலோ சந்தையிலோ 230 வோல்ட் இணைப்பு கிடைத்தால் மெல்லிய நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிய நிலையில் பயன்படுத்தக்கூடாது. சுருளுக்குள் சூடு தேங்கி வயர் உருகும். பிளக் போட்டதும் கசிவுத் தடுப்புச் சுவிட்ச் விழுந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். நனைந்த பிளக்காக இருக்கலாம், வாயு வகைப் பெட்டியின் சூடேற்றும் கம்பியாகவும் இருக்கலாம். அந்தச் சுவிட்சைக் கட்டிவைப்பதும், நேராக இணைப்பதும் உயிரோடு விளையாடுவது.

ஜெனரேட்டரை வேனுக்குள்ளோ, சன்னல் ஓரத்திலோ, கதவு திறந்திருக்கும் பக்கத்திலோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூங்குபவர்கள் விழிக்காமலே போய்விடுவார்கள்.

வாயு வகைப் பெட்டி 12 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டுமே அதை பேட்டரியில் வைக்கலாம். வேன் சாய்வாக நின்றாலும் இந்தப் பெட்டி குளிராது. மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தினாலே பல நேரங்களில் சரியாகிவிடும். பின்பக்கத்தில் மஞ்சள் கறையும், கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாடையும் இருந்தால் உடனே அணைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

பியூஸ் விஷயத்தில் சமாளிப்பு வேண்டாம்

பேட்டரியிலிருந்து புதிய வயர் இழுத்தால் பேட்டரிக்கு மிக அருகில் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் வயரைக் காப்பதற்காக இருக்கிறது. 15 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போடுவதும், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வேனையே கொளுத்திவிடும். வேனுக்குள் படுக்கை, வாயு அடுப்பு என்று நிலையாக மாற்றம் செய்ய விரும்புவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியையும் பெற வேண்டும்.

வோல்ட் சரி, குளிர் மட்டும் இல்லை

மின்சாரம் சரியாக வந்தும் குளிரவில்லை என்றால் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும். பெட்டியின் காற்றுத் துவாரத்தை ஒட்டிப் பையும் பாயும் அடுக்கியிருப்பார்கள். வெயிலில் கதவடைத்து நிறுத்திய வேனுக்குள் 50 டிகிரியைத் தாண்டலாம். அந்தச் சூட்டில் கம்பிரசர் ஓய்வே எடுக்காது, பேட்டரியும் சீக்கிரம் தீரும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. புறப்படும் முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் பெட்டியையும் பொருள்களையும் குளிரவைத்து ஏற்றினால் பேட்டரியின் சுமை வெகுவாகக் குறையும்.

பெட்டி நின்றபின் பொருள்கள்

பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானி எப்போதும் இருக்க வேண்டும். உணவு 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கட்டும். மூடி திறக்காத வீட்டு பிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாங்கும். வேனில் உள்ள சிறிய பெட்டி அவ்வளவு தாங்கும் என்று நம்ப வேண்டாம். இறைச்சி, மீன், பால், தேங்காய்ப் பால் ஆகியவை 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் வீசிவிட வேண்டும். கெட்டுப்போன எல்லாப் பொருளும் வாடை வீசிக் காட்டிக்கொடுக்காது.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அது உறைந்துவிட்டால் மறுபடி இளகினாலும் பயன்படாது. வேன் பெட்டிகளில் அடிப்பகுதி பூஜ்யத்துக்கும் கீழே போகக்கூடும். எனவே இன்சுலினை அடியிலோ ஐஸை ஒட்டியோ வைக்காமல், துணியில் சுற்றி மேல் தட்டில் வைப்பது நல்லது. பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவை அதன் அட்டையில் உள்ளபடி, பொதுவாக 30 டிகிரிக்கு மிகாமல், ஏறக்குறைய நான்கு வாரம் வெளியே வைக்கலாம். வேனின் டேஷ்போர்டு அதற்கு இடமே இல்லை. சந்தேகம் வந்தால் மருந்தகத்தில் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

வெள்ளக் காலத்தில்

பாலோ பகுதி மக்களுக்கு இந்தப் பாடம் பயணத்தோடு முடிவதில்லை. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும், பிறகு 2023 மார்ச்சிலும் ஜொகூரை வெள்ளம் சூழ்ந்தபோது குளுவாங் மாவட்டமும் தப்பவில்லை. தண்ணீர் ஏறும்போது பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும். அந்த நேரத்தில் மேட்டில் நிறுத்திய ஒரு வேனும் அதில் ஒழுங்காக ஓடும் ஒரு பெட்டியும் இருந்தால் பல வீட்டு இன்சுலினையும் குழந்தைகளின் மருந்தையும் காப்பாற்றலாம்.

தண்ணீர் வீட்டுக்குள் வருமுன், உலர்ந்த கையோடும் உலர்ந்த தரையில் நின்றும் மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணைக்க வேண்டும். தரை நனைந்துவிட்டால் அதைத் தொடவே கூடாது. நனைந்த பிரிட்ஜ் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமும் சேறும் இருக்கும். பதிவு பெற்ற வயர்மேன் பார்த்த பிறகே அதைப் போட வேண்டும். மின்தடை குறித்துத் தெனாகா நேஷனலின் 15454 எண்ணில் தெரிவிக்கலாம்.

வேனில் எப்போதும் இருக்க வேண்டியவை அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், சரியான அளவில் சில பியூஸ்கள், ஒரு வெப்பமானி, ஒரு கைவிளக்கு. பட்டறைக்குப் போக நேர்ந்தால், எஞ்சின் நின்றபோது பேட்டரியில் எத்தனை வோல்ட், எஞ்சின் ஓடும்போது எத்தனை, கம்பிரசர் ஓடும்போது பெட்டியின் வாயில் எத்தனை என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததுமே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.